முயலிடம் யார் கேட்டது?

கயத்தாறு கரிசல்காட்டில் மாமாவும் பெரியப்பாவும் முயல் வேட்டைக்காரர்கள். மாமாவிடம் சிப்பிப்பாறை நாய், பெரியப்பாவிடம் கண்ணி. இதனாலேயே இருவருக்கும் ஆகாது.

“தப்பிச்சு ஓட அதுக்கு ஒரு வழி விடணும்லா? கண்ணி வச்சிட்டு வீட்டுல தூங்குதது வேட்டையாடே?” என்பார் மாமா.

“நாய விட்டுக் குதறுததுதான் நியாயமோ?” என்பார் பெரியப்பா.

நான் மாமா கட்சி. வேட்டைநாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டிய இடத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்தது என்ற கதையைச் சொல்லியே என்னை இழுத்துவிட்டார். நாயோடு போனால்தான் முயலுக்கும் வீரம் காட்ட இடமுண்டாம்.

ஒருநாள் நாய் வாயிலிருந்து பிடுங்கிய முயலை என் கையில் கொடுத்தார். உயிர் இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்து, என் கையிலேயே நின்றது. அதில் வீரமெல்லாம் இல்லை. வெறும் பயம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-இல் வந்த சட்டம் நாயை ஏவும் வேட்டையைத் தடுத்தது, துப்பாக்கியை விட்டுவைத்தது. நம்முடைய 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நாயும் ஒன்றுதான், கண்ணியும் ஒன்றுதான், இரண்டும் குற்றம்.

கண்ணியில் விடியவிடியத் தவிப்பதும் லேசான சாவு அல்ல. மாமாவாவது தான் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். அந்த நேர்மையை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்ன ‘வாய்ப்பு’? பந்தயத்தில் தோற்றால் மாமா வெறுங்கையோடு வீடு திரும்புவார். முயலுக்கு வீடே இல்லை. ஆட்டத்துக்கு வருகிறாயா என்று அதனிடம் யாரும் கேட்கவுமில்லை.

மாமா போய்விட்டார். அவர் நாய் இப்போது என்னிடம். காட்டில் ஏதாவது சலசலத்தால் காதைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிறேன். ஓடப் பிறந்த அதனிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.