சாம்பல் ஆண்டும் சாம்பல் விழுந்த தீவும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நாட்டைப் பற்றி இன்று பேசுவோம். வனுவாட்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 80 தீவுகள். மக்கள்தொகை மூன்று லட்சம் அளவில். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மிகச் சிலரே. கிராமத்து மக்கள் வள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் வாழையும் தாங்களே பயிரிட்டு, தங்கள் தோட்டத்திலிருந்தே சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்குத் தோட்டம்தான் சந்தை, சேமிப்பு, காப்பீடு எல்லாம்.

அந்தத் தோட்டத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2015 மார்ச்சில் பாம் புயல். 2017 செப்டம்பரில் அம்பே தீவின் மனாரோ எரிமலை பொங்கியதால், ஏறத்தாழ 11,000 பேர் கொண்ட அந்தத் தீவு முழுவதுமாகக் காலி செய்யப்பட்டது. ஊர் திரும்பி மூச்சு விடுவதற்குள் 2018-இல் அதைவிடக் கனமாகச் சாம்பல் கொட்டியது, மறுபடியும் படகேறினார்கள். பலர் சாந்தோ தீவில் இறங்கினார்கள். 2020 ஏப்ரலில் அதே சாந்தோவை ஹெரால்டு புயல் அடித்தது. உலகமே கொரோனாவுக்காகக் கதவை மூடியிருந்த நேரம் அது. வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள் உள்ளே வர முடியவில்லை. 2023 மார்ச்சில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள், இடையில் ஒரு நிலநடுக்கம். 2024 டிசம்பரில் தலைநகர் போர்ட் விலாவை 7.3 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது.

ஒரே சோதனை ஒருமுறை வருவதற்கும், ஒன்றன் மேல் ஒன்றாக வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வள்ளிக்கிழங்கை விதைபோட்டு வளர்ப்பதில்லை. கிழங்கையே துண்டு போட்டு நடுவார்கள். புயலில் தோட்டம் போனால், பசிக்கு நடவுக்கு வைத்த கிழங்கைச் சமைக்க வேண்டியதாகிறது. அடுத்த பருவத்தில் நடுவதற்கு ஒன்றும் இருக்காது. முதல் அடி விளைச்சலைக் கொண்டுபோகிறது, இரண்டாம் அடி விதையைக் கொண்டுபோகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துச் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா சாய்த்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்று காய்க்கத் தொடங்கும் முன்பே கொரோனா வந்துவிட்டது.

இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம், “அந்த மக்கள் என்ன பாவம் செய்தார்களோ” என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். சொல்கிறவர்கள் ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். மதீனாவைச் சுற்றி மழை பொய்த்தது. காய்ந்த மண் சாம்பலைப் போலக் காற்றில் பறந்ததால் அதற்கு ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு, என்றே பெயர் வந்தது. அதே காலத்தில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய். அதில் மறைந்தவர்கள் யார்? சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற அபூ உபைதா (ரலி) அவர்கள். ஹலால், ஹராமை நன்கறிந்த முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள். இவர்களுடைய பாவத்தின் தண்டனை அது என்று சொல்ல எந்த நாவு துணியும்? அடுத்தவருக்கு வந்த துன்பத்தின் காரணத்தைத் தீர்ப்பாகச் சொல்லும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை. அந்தத் துன்பத்தின் முன்னால் நாம் என்ன செய்தோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மக்களுக்கு நெய்யும் இறைச்சியும் கிடைக்கும்வரை தாமும் அவற்றைத் தொடவில்லை. எண்ணெயையே உண்டு அவர்களின் நிறம் மாறிப்போனது. எகிப்துக்கும் ஷாமுக்கும் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். இதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகக் கேட்டதில்லை. மழை பெய்ததும், மதீனாவில் தஞ்சம் புகுந்த கிராமத்து அரபிகளை வழிக்குத் தேவையான உணவும் வாகனமும் கொடுத்து அவரவர் நிலத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பஞ்ச ஆண்டில் ஜகாத் வசூலை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த முறை தானியம் தாமதமின்றி வர, நைல் நதியையும் செங்கடலையும் இணைக்கும் கால்வாய் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் மேற்பார்வையில் வெட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சோறு போட்டதோடு அவர்களின் கடமையுணர்வு ஓயவில்லை.

இங்கேதான் நம் கேள்வி. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தால் கடமை முடிந்ததா? அல்லது, அவன் மறுபடி தன் கையால் உண்ணும் நிலைக்கு வரும்வரை அது நம் தோளில்தான் இருக்கிறதா?

உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டில் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவு, மற்றதில் கோடரி. தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸை “பிச்சை எடுக்காதே” என்பதற்கு மட்டும் நாம் பயன்படுத்திவிடுகிறோம். உணவு முதலில் வாங்கப்பட்டது. பசியோடு யாரும் விறகு வெட்ட அனுப்பப்படவில்லை. அந்தக் கோடரியும் அவருடைய சொந்தப் பொருளிலிருந்துதான் வந்தது.

வனுவாட்டு மக்களின் வீட்டிலும் அப்படிப்பட்ட பொருள் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் மரவள்ளித் தண்டின் மேற்பாதியை வெட்டிவிடுவார்கள். காற்று வேரைப் பிடுங்காது, கிழங்கு மண்ணில் பத்திரமாக இருக்கும். வடக்குத் தீவுகளில் ஈரப்பலாவை நெருப்பில் வாட்டி உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் இருந்தது. ஓலையால் வேய்ந்த தாழ்வான வீடுகள் பாம் புயலில் பலரின் உயிரைக் காத்தன. யூஸுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு வைக்கச் சொன்ன அறிவுக்கு இது தம்பி முறை. இவற்றையெல்லாம் கேட்டறியாமல் வெளியிலிருந்து அரிசி மூட்டையை மட்டுமே ஆண்டுக்கணக்கில் இறக்கினால், பிள்ளைகள் அரிசிக்குப் பழகி, தாத்தாவின் கிழங்கு வகைகள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும். அப்படிப்பட்ட உதவியை நான் முழுமையான உதவியாகக் கருதவில்லை.

யாரும் கேட்காத பொருளை அனுப்புவது அதைவிட மோசம். பாம் புயலுக்குப் பிறகு வந்து குவிந்த பல கொள்கலன்கள் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தன, உணவு காலாவதியானது. சுனாமிக்குப் பின் நம் கரையோரச் சாலைகளில் கிடந்த பழைய துணி மூட்டைகளும் அந்த வகைதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எரிமலையும் நிலநடுக்கமும் மனிதன் செய்ததல்ல. ஆனால் கடலும் காற்றும் சூடாவதில் மனிதனின் பங்கு உண்டு. அதில் வனுவாட்டின் பங்கு மிக அற்பம். அந்த நாடு முன்னின்று கேட்டதால், 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை இதைச் சர்வதேச நீதிமன்றத்திடம் கொண்டுபோனது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. அப்படியானால் புயலுக்குப் பின் அவர்களுக்குப் போய்ச் சேருவதில் ஒரு பகுதி தர்மமே அல்ல, ஹக். ஹக்கைக் கொடுக்கிறவன் நன்றியை எதிர்பார்க்க முடியாது.

முஸ்லிமல்லாத மக்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது ஸூரத்துல் மும்தஹினாவில் தெளிவாக இருக்கிறது. ஜகாத்தின் சட்டம் தனி, அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதக்காவின் வாசல் விரிந்தது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உண்ணும் மனிதன் யார், எந்த மார்க்கத்தவன் என்று அதில் பிரிக்கவில்லை.

எனவே இப்படிப்பட்ட தீவுகளுக்கென ஜமாஅத்தில் வசூல் நடந்தால், நிர்வாகிகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணமாகப் போகிறதா, பொருளாகவா? அங்குள்ள மக்கள் கேட்டதா, நாமே முடிவு செய்ததா? முதல் மாதத்து உணவுக்குப் பிறகு, நடவுக் கிழங்குக்கும், கூரையில் விழும் சாம்பல் குடிநீரில் கலக்காதபடி மூடிய தொட்டிக்கும் ஏதாவது மீதி வைத்திருக்கிறார்களா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அடுத்த நடவுப் பருவம்வரை பைத்துல்மாலிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.