'சாரி' போதுமா?



இங்கிலீஷ் படிக்காதவர்களும் தினமும் சொல்லுகிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு: 'சாரி'. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யார் காலையாவது மிதித்தால் சாரி. சில்லறை இல்லையென்றால் சாரி. இங்கிலீஷ்காரரோ, சொன்னது காதில் விழாவிட்டாலும் 'சாரி?' என்பார், துக்க வீட்டிலும் அதையே சொல்லுவார். ஆனால் அதன் வேர் என்ன தெரியுமா? புண், வலி என்று அர்த்தப்படும் பழைய இங்கிலீஷ் சொல்லிலிருந்து பிறந்தது அது. வலிக்காமல் சொல்லுகிற சாரி, சாரியே அல்ல!

வீட்டு ஜெபங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது இது: "பாஸ்டர், நான்தான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் என்ன பண்ணணும்?" தள்ளிப்போட்ட வரப்பு அப்படியே இருக்கும். வாங்கின கடன் அப்படியே இருக்கும். சாரி மட்டும் சொல்லியாச்சு!

2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் இரண்டு துக்கங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று மனந்திரும்புதலுக்கு நடத்தும். மற்றது மரணத்துக்கு நடத்தும். மனந்திரும்புதலுக்குக் கிரேக்கத்தில் 'மெட்டநோயா' என்று பெயர். மனமே மாறுவது அது. சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19:8). ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை! அவனுடைய 'சாரி' பணப்பையைத் தொட்டது.

நம்ம அரியலூரிலேயே ஒரு பாடம் உண்டு. 1956 நவம்பர் 23. மழை வெள்ளம். மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயிலை ஓட்டினவர் மந்திரி அல்ல, பாலத்தைக் கட்டினவரும் அல்ல. ஆனாலும் ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அதே வருஷம் மகபூப்நகர் விபத்தின்போதும் ராஜினாமா கொடுத்தார். அப்போது பிரதமர் நேரு ஏற்கவில்லை. தன் கை செய்யாததற்கே ஒரு மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தார். தன் கை செய்ததற்கு நாம் எதை விட்டு எழுந்தோம்?

பிரியமானவர்களே, காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் நம் ஆண்டவர் (மத். 5:23, 24). அடுத்த திருவிருந்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். வரப்பைத் திருப்பி வையுங்கள். கடனை, கொஞ்சம் கொஞ்சமாகவாவது, கொடுக்கத் தொடங்குங்கள். அதன்பின் வாய் திறந்து சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கும்.

கர்த்தர் தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!