கல்லில் பதித்த காணிக்கை

12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் ரோமிலும் தென் இத்தாலியிலும் தேவாலயங்களின் வாசக மேடை, பாஸ்கா மெழுகுதிரித் தண்டு, ஆயர் இருக்கை முதலியவற்றின் வெண்பளிங்கைக் குடைந்து வண்ணக் கல்லும் பொன்பூச்சுக் கண்ணாடியும் பதித்தார்கள். ரோமில் இந்த வேலைக்குக் கோஸ்மாத்தி குடும்பத்தார் பேர்போனவர்கள். எகிப்திலிருந்து பண்டைய ரோமப் பேரரசர்கள் வரவழைத்த செவ்வூதா நிறத் தூண்களை, வாழைத்தண்டு நறுக்குவதுபோல வட்ட வட்டமாக அறுத்துப் பதித்தார்கள். கிரேக்க நாட்டுப் பச்சைக் கல்லும் பழைய கட்டடங்களின் இடிபாடுகளிலிருந்தே கிடைத்தது.

இறைவனின் இல்லத்துக்கு இத்தனை அலங்காரம் தகுமா? சுமார் 1125இல் கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்து இதைக் கடுமையாகக் கேட்டார். ஆலயச் சுவர் பொன் உடுத்திருக்க ஏழை ஆடையின்றி நிற்கிறான் என்பது அவர் வாதம். அலங்காரம் துறவியின் தியானத்தைக் கலைக்கிறது என்றும் சொன்னார். ஆனால் பாமர மக்களின் பக்தியைத் தூண்ட வேண்டிய ஆயர்களின் நிலை வேறு என்று ஒப்புக்கொண்டார். பாரிஸுக்கு அருகிலுள்ள புனித தெனி மடத்தின் தலைவர் சூஷேர் நேரெதிராக நின்றார். ஒளிரும் பொருள்கள் மனத்தை அருவமான இறைவனிடம் ஏற்றிச் செல்லும் என்பது அவர் நம்பிக்கை.

தென் இத்தாலியிலுள்ள ராவெல்லோ பேராலயத்தின் பழைய வாசக மேடை சூஷேரின் பக்கம் பேசுகிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் ஒரு பக்கத்தில் பெருமீன் விவிலிய இறைவாக்கினர் யோனாவை விழுங்குகிறது. மறுபக்கத்தில் அவர் வெளியே வருகிறார். மூன்று நாள் மீன் வயிற்றில் கிடந்த யோனாவைக் கிறிஸ்துவின் சாவுக்கும் உயிர்ப்புக்கும் முன்னடையாளமாகக் கொள்வது திருச்சபை மரபு. மறைநூல் வாசிக்கப்படும்போது கேட்பவரின் கண் உயிர்ப்பின் செய்தியின் மேலேயே நிற்கிறது. இங்கே அலங்காரம் கவனத்தைச் சிதறடிக்கிறது என்று சொல்ல இடமில்லை.

ஏழையைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. பழைய கல்லை எடுத்தாண்டாலும் அறுக்கவும் இழைக்கவும் பெரும்பொருள் வேண்டும். அதே பேராலயத்தில் 1272இல் நிக்கோலோ தி பார்த்தொலொமேயோ செய்த மேடை, சிங்கங்கள் சுமக்கும் ஆறு முறுக்குத் தூண்களின் மேல் நிற்கிறது. அதற்குச் செலவிட்ட செல்வர் நிக்கோலா ருஃபோலோவின் பெயரையும் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். பொன்னைக் கண்டால் காணிக்கை பெருகும், பணம் பணத்தை இழுக்கும் என்று பெர்னார்து எச்சரித்திருந்தார். ஆயர் ஆலயங்களுக்கு அவர் தந்த விலக்கு பக்தியைத் தூண்டும் அழகுக்கு மட்டுமே. கொடையாளியின் புகழுக்கு அது பொருந்தாது.