அறிந்தோர் கடன்

ஒரு தீங்கை அறிந்தவனுக்கு அதைத் தடுக்கும் கடமையும் உண்டா? இப்பழைய கேள்வியை இன்று ஒரு சிறு போத்தல் சலம் நம்முன் மீண்டும் வைக்கின்றது.

சலப்பைப் புற்றுநோயை உறுதிப்படுத்த, சலவழியே கருவியைச் செலுத்தி உள்ளே நோக்குதல் வேண்டும். அது நோவு தருவது. சலத்தோடு உதிர்ந்து வரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தே நோயை உணரலாம் என்பதைப் பாப்பனிக்கலாவும் மார்ஷலும் 1945இல் எடுத்துக்காட்டினர். இன்றோ ஆய்வுகூடங்கள் சலத்திலுள்ள புரதங்களையும் மரபணு மாற்றங்களையும் தேடுகின்றன. எனினும், மூர்க்கமான கட்டிகளை நன்கு காட்டும் கலச்சோதனை, மெல்ல வளர்வனவற்றைப் பலவேளை தவறவிடுகின்றது. ஐயம் எழுந்தால் கருவியை நாடியே ஆகவேண்டும்.

இந்நோயின் வரலாறு உழைப்பாளரின் வரலாறுமாகும். சாயத் தொழிலாளரிடையே இது தோன்றுவதை 1895இல் ஜேர்மனியச் சத்திரவைத்தியர் றேன் அறிவித்தார். பென்சிடீன், பீற்றா நப்தைலமீன் ஆகிய இரண்டையும் சர்வதேசத் தொழில் தாபனம் 1921இல் காரணமாகச் சுட்டியது. ஆயினும் பிரித்தானியாவில் பீற்றா நப்தைலமீன் உற்பத்தி 1949 வரை நீடித்தது. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் அறிவுக்குப் பஞ்சமில்லை. இலாபத்தை விட மனமில்லை! பின்னர் அத்தொழிலாளரின் சலம் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது. நன்றே. ஆனால் அவர்களுடைய உடலில் முன்பே புகுந்த நஞ்சை எந்தச் சோதனையும் மீட்டெடுக்கவில்லை.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தொழிற்சாலையினின்று விலக்கப்பட்ட அதே பீற்றா நப்தைலமீன் புகையிலைப் புகையில் இன்றும் இருக்கின்றது. உலகில் இந்நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் புகைத்தலே காரணம். இரவெல்லாம் கடலில் விழித்திருக்கும் மீனவன் பீடியையே துணையாகக் கொள்கிறான். சலத்தில் இரத்தம் கண்டால், நோவில்லையே, வெறும் சூடு என்று விட்டுவிடுகிறான். நோவில்லாத அந்த இரத்தமே பெரும்பாலும் முதல் அறிகுறி.

நலமாயுள்ள எல்லாரையும் சோதிப்பதால் பயனுண்டென்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆதலால் சோதனை முதலில் அறிகுறி கண்டவனைச் சென்றடைய வேண்டும். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலை கட்டணம் கேட்பதில்லை. ஆனால் தொலைநகருக்கான பஸ் கட்டணத்தையும் தொழிலுக்குப் போகாத நாளின் வருமானத்தையும் யார் தருவார்? அதைத் தராத சமுதாயம் "உனக்கு நோய் இருக்கலாம்" என்று மட்டும் சொல்லி விலகுமாயின், அது அறிவைத் தந்ததாகாது, அச்சத்தையே தந்ததாகும்.

வகுப்பறையில் இதை மாணவர்க்குக் கூறுவது ஆசிரியர் கடன். அறிகுறி கண்டவனைச் சிகிச்சைவரை கொண்டுசேர்ப்பது அரசின் கடன். புகையிலையை விற்றுப் பொருள் குவிப்போரிடம் கணக்குக் கேட்பது நம் எல்லோர் கடனுமாகும். இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த குற்றம் இன்னொரு முறை நிகழலாகாது.