நீரிழிவும் நியமமும்

கடோபநிஷதத்தில் யமதர்மன் நசிகேதனுக்கு எடுத்த எடுப்பில் ஆத்ம ஞானத்தை உபதேசித்துவிடவில்லை. முதலில் சிரேயஸ், பிரேயஸ் என்ற இரண்டின் வேறுபாட்டை விளக்குகிறான். சிரேயஸ் என்பது நன்மை பயப்பது. பிரேயஸ் அப்போதைக்கு இனிப்பது. இந்தப் பாகுபாட்டைத் துறவுக்கும் உலக வாழ்வுக்கும் இடையே உள்ள தேர்வு என்றே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். இல்லறத்தாருக்கோ இத்தேர்வு நாள்தோறும் மூன்று வேளையும் இலையின் முன் வந்து நிற்கிறது.

2023ஆம் ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உடையவர்கள். அதற்கு முந்தைய படியில் இருப்போர் ஏறத்தாழ 13.6 கோடி. இந்த இரண்டாவது எண்ணையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். இவர்களுக்கு நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. உள்ளே அழைப்பதும் தடுப்பதும் பெரிதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

மைசூர் என்றதும் பலருக்கு நெய் ஒழுகும் இனிப்புதான் நினைவுக்கு வரும். அரண்மனை மடைப்பள்ளியில் பிறந்தது அது என்பர். ஆனால் நீரிழிவைப் பற்றி உலக மருத்துவர்கள் கூர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியும் இதே நகரத்தில்தான் நடந்தது. 1906இல் தொடங்கப்பட்ட ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைப்பர். அங்கே 1934 முதல், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைச் செவிலியர் பதிவேட்டில் எழுதி வைத்தனர். எதற்காக எழுதுகிறோம், யார் படிக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பலனை எதிர்பாராமல் செய்யப்பட்ட கர்மம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அதிகம் கண்டதில்லை. அரை நூற்றாண்டுக்கும் பிறகு அந்த ஏடுகளைக் கொண்டு, 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்தனர் ஆராய்ச்சியாளர்கள். அவர்களில் 506 பேரைச் சோதித்த முடிவு 1998இல் வெளியாயிற்று. உடல் பருத்த தாய்மார்களுக்குப் பிறந்தவர்களிடமும், பிறக்கும்போதே குட்டையாகவும் பருமனாகவும் இருந்தவர்களிடமும் நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது.

இதைத் தொடர்ந்து, 1997-98இல் அதே மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் இரத்தச் சர்க்கரையை அளந்து, அவர்களுடைய குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். கர்ப்ப காலத்தில் நீரிழிவு கண்ட தாய்மாரின் பெண்குழந்தைகள் ஐந்து வயதிலேயே மற்றவர்களைவிடக் கொழுப்பு மிகுந்தவர்களாக இருந்தனர். அவர்கள் உடலில் இன்சுலினும் அதிகம் சுரந்தது. ஒன்பதரை வயதிலும் இவ்வேறுபாடு மறையவில்லை. தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. அதைச் சமாளிக்கச் சிசு தானே இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் மிகுதியான சர்க்கரையைக் கொழுப்பாகப் படியச் செய்கிறது. ஒருவர் உண்பதன் விளைவு அவர் உடலோடு முடிவதில்லை என்பதற்கு இது மறுக்க முடியாத சான்று.

தாயைக் குற்றம் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவள் இலையில் எது விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீட்டார்தாம். சீமந்தம் தொடங்கி, ‘இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு’ என்று இனிப்பை அடுக்குவதும், ‘அசையாதே, படுத்துக்கொள்’ என்று தடுப்பதும் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு பிரேயஸின் பக்கம் நிற்கிறது. கர்ப்பிணி பட்டினி கிடக்க வேண்டும் என்பதல்ல, அது பெருந்தீங்கு. பருப்பும் கீரையும் காய்கறியும் பாலும் மிகுந்து, சோறும் இனிப்பும் அளவோடு இருக்க வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் அளவு நடையும் வேண்டும்.

கட்டுப்பாட்டால் உண்மையில் பயன் உண்டா என்ற ஐயம் எழலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேர் மூன்று ஆண்டுகளில் நீரிழிவை அடைந்தனர். உணவை முறைப்படுத்தி, நாள்தோறும் அரைமணி நேரமாவது நடந்தவர்களில் அந்த எண்ணிக்கை 39 ஆயிற்று. இதனோடு மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்குக் கூடுதல் பயன் கிட்டவில்லை. இத்தனைக்கும் நடந்தவர்களின் உடல் எடை பெரிதாகக் குறைந்துவிடவும் இல்லை. எடை இறங்கவில்லையே என்று பத்தாம் நாள் நடையை நிறுத்திவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. தராசு அதைக் காட்டாது.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் தியானத்தை உபதேசிக்கும்போது, மிகுதியாக உண்பவனையும் ஒன்றும் உண்ணாதவனையும் ஒருங்கே விலக்கி, உணவிலும் நடமாட்டத்திலும் உறக்கத்திலும் அளவுடையவனுக்கே யோகம் கைகூடும் என்கிறார். திருவள்ளுவரோ ‘மருந்து’ என்று தலைப்பிட்ட அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறை உணவுக்கே ஒதுக்கிவிட்டார். மருத்துவன் கடைசி மூன்றில்தான் வருகிறான்.

நம் விரதங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏகாதசியன்று சோறு இல்லை. ஆனால் ஜவ்வரிசி உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல், பழம், பாயசம் எல்லாம் உண்டு. பழ உணவைக் குறித்த ‘பலாஹாரம்’ என்ற சொல்லே ‘பலகாரம்’ ஆகி எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது என்பார்கள்! இத்தகைய விரதத்தைவிட, வழக்கமாக உண்பதில் கால்பங்கைக் குறைத்து உண்பது மேலான தவம். மைசூர்ப் பக்கம் ராகிக் களி உண்போரும், ‘சிறுதானியம்தானே’ என்று அளவை மறந்துவிடுகின்றனர். நுண்ணிய மாவாக அரைத்துக் கிண்டிய களியும் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியதே. தானியத்தை மாற்றியவர் உருண்டையின் அளவையும் மாற்ற வேண்டும்.

பிரசாதத்தை மறுக்கலாமா என்று அன்பர்கள் கேட்பதுண்டு. மறுக்க வேண்டாம், கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துளி வாயில் இடுங்கள். பிரசாதத்தின் பெருமை துளியிலும் முழுமையாகவே இருக்கிறது. கிண்ணம் நிறைய வேண்டும் என்று கேட்பது நாக்கு, பக்தி அல்ல. துறவியரும் இதற்கு விலக்கல்லர். பண்டாரா நாள்களில் எங்கள் பந்தியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சாமுண்டி மலையில் 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைந்த ஏறக்குறைய ஆயிரம் படிகள் இன்றும் இருக்கின்றன. முன்னோர்களுக்கு வழிபாடும் உடற்பயிற்சியும் தனித்தனிக் காரியங்களாக இருக்கவில்லை. இப்போது வாகனம் கோயில் வாசலருகே இறக்கிவிடுகிறது. முழங்காலும் இதயமும் இடங்கொடுப்பவர்கள் படியேறட்டும். மற்றவர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் பிராகாரத்தை அரைமணி நேரம் வலம் வந்தால் போதும்.

நோய் வந்துவிட்டவர்களிடம் ஒரு வார்த்தை. இது பாவத்தின் சம்பளம் அல்ல. 1892இல் மைசூர் மன்னரின் விருந்தினராக இருந்த சுவாமி விவேகானந்தரும் பின்னாளில் நீரிழிவால் துன்புற்றவரே. இன்சுலினே சுரக்காமல் சிறுவயதில் வரும் நீரிழிவுக்கு உணவுப் பழக்கம் காரணமும் அன்று. மருந்து உட்கொள்வோர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ, மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருப்பதோ ஆபத்து.

மைசூர் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கர்ப்ப காலத்தில் நீரிழிவு கண்ட பெண்களில் 100க்கு 37 பேர் ஐந்தாண்டுகளுக்குள் நிரந்தர நீரிழிவுக்கு ஆளாகினர். மற்றப் பெண்களில் அது 2 பேர் மட்டுமே. பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிட, வீடு முழுவதும் குழந்தையைச் சுற்றி வருகிறது. தாயை யாரும் நினைப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அவளுக்கு மீண்டும் பரிசோதனை செய்ய வேண்டும். பிறகும் அவ்வப்போது செய்துவர வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் அன்றே அவளுக்கும் சோதித்துவிடலாம். அந்த அரைநாள் வீட்டு வேலையை மாமியாரோ கணவரோ ஏற்றுக்கொள்ளட்டும்.