சௌகரிய இரைச்சல்

கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. (மறுவாழ்வு முகாம் என்பது 2021இல் வந்த பெயர்.) அங்கிருந்து ஒரு பெண் யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவுக்கு ஒரு சாவைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொல்லியாயிற்று. இனிப் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் இருவரும் டெலிபோனை வைப்பதில்லை. டெலிபோன் என்ற சாதனத்தின் உச்சமே இந்த நேரம்தான் என்று எனக்குப் படுகிறது.

இயந்திரத்துக்கு இது வீண். 1996இல் வகுத்த ஜி.729 பி என்ற முறை குரலைப் பத்து மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒலியின் பலம், அலை பூஜ்யத்தைக் கடக்கும் தடவைகள் என்று நாலு அளவைகளைக்கொண்டு ஒவ்வொரு துண்டும் பேச்சா, இல்லையா என்று தீர்மானிக்கிறது. பேச்சில்லையென்றால் துண்டு போகாது. லைன் அறுந்துவிட்டதோ என்று கேட்பவர் பயப்படாமலிருக்க, அவர் பக்கத்திலேயே ஒரு மெல்லிய இரைச்சல் தயாராகிறது. சௌகரிய இரைச்சல் என்று அதற்குப் பெயர். முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. அந்தப் பக்கத்து இரைச்சலின் அளவும் சாயலும் அவ்வப்போது பதினைந்து பிட்டுகளில் வந்து சேர்கின்றன.

சிக்கனம் புதிதல்ல. 1960இலேயே அட்லாண்டிக் கடலடிக் கேபிளில் ஒருவர் பேசாத இடைவெளியில் இன்னொருவர் பேச்சை ஏற்றினார்கள். அது வெறும் இடப் பங்கீடு. இங்கே நடப்பது தீர்ப்பு. உப்பளக் காற்று ஓங்கி அடித்தால் பேச்சென்று தேறிவிடலாம். அடக்கிய விம்மல் தேறாமல் போகலாம். பேசாமலிருந்தது மகள் செய்த காரியம். அம்மா கேட்டது அதையல்ல. ஆனாலும் அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்திருக்கும், அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. இந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்கவும் முடியும். நிறுத்துகிற இடம் லைனை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.