கும்பாவின் அளவு

வ. புதுப்பட்டியைச் சேர்ந்த பெண் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறார். சர்க்கரை நோயோடு வந்த ஒரு மூதாட்டிக்கு வழக்கம்போல உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். மதியம் என்ற இடத்தில் ‘சோறு ஒரு கப்’ என்றிருந்தது. பேத்தி அதை வாசித்துக் காட்டியதும் பாட்டி கேட்டார்: “நான் சாப்பிடுற கும்பாவ நீ பாத்திருக்கியா தாயி?”

அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். உள்ளங்கையைக் குவித்து ஓர் அளவைக் காட்டி அவரை அனுப்பிவைத்தார் நிபுணர். பாட்டி போய்விட்டார், கேள்வி போகவில்லை.

அந்தக் கும்பா எப்படி இருக்கும்? வெண்கலமா, எவர்சில்வரா? கப் என்று எழுதும்போது நிபுணரின் மனதில் இருப்பது 200 மில்லி. காட்டு வேலைக்குப் போய்ப் பழகிய வீடுகளில் கும்பா அதைப்போல இரண்டு மடங்கு கொள்ளும், மூன்று மடங்கும் கொள்ளும். அதில் விழுவது வடித்த சுடுசோறா, முந்தின இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழையதா? பழையது என்றால் கும்பாவில் பெரும்பங்கு நீச்சத்தண்ணிதான். போதாததற்கு, ஆறிய சோற்றிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும். ஒரே கும்பா, ஒரே அரிசி, ஆனால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை ஒன்றல்ல. இத்தனையையும் தெரிந்துகொள்ளாமல் ‘ஒரு கப்’ என்று எழுதுவதற்கு என்ன பொருள்?

இது நடந்த சமயத்தில் அவர் இணையவழியில் முதுகலை படிக்கும் யோசனையில் இருந்தார். இளங்கலைக்குப் பிறகு டிப்ளமோவும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு எழுதிப் பதிவு பெற்றவர். அந்தப் பட்டியல் எழுதத் தேவையான படிப்பு அவரிடம் இருக்கிறது. பட்டியலுக்குப் பின்னால் உள்ளதைத்தான் ஆழமாகப் படிக்க ஆசை. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை, நடமாட முடியாத மாமியார். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய் இரண்டு வருடம் தங்கிப் படிப்பது நடக்கிற காரியம் இல்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கணினி முன்னால் உட்காருவது நடக்கும்.

2025 ஆகஸ்டில் அந்த வழி அடைபட்டது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, இணைய வழிகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அந்த ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே தடை. உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றோடு உணவும் ஊட்டச்சத்தும், மருத்துவ உணவியலும் அதில் அடங்கும். தொழிற்பயிற்சியின் தரம் குறித்த கவலையே காரணமாகச் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. அங்கே 2024 ஜனவரி 1 முதல் முதுகலை இல்லாமல் பதிவுத் தேர்வே எழுத முடியாது. அந்த முதுகலையை இணையவழியில் தரும் பல்கலைக்கழகங்களும் அங்கே உண்டு.

மானியக் குழுவின் கவலையை வாசித்தபோது பாட்டியின் குரல் மறுபடி கேட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன: நேரில் பார்க்காமல் இந்தத் தொழில் வராது.

கல்லூரிக் காலத்தில் வாசித்த குன்னூர் எலிகளின் கதையும் அப்போது நினைவுக்கு வந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய வேலைதான் பிற்பாடு வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இந்தியாவின் பல பகுதிகளிலும் மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்காரிசன். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டு எலிகள் பின்தங்கின. முழு விவரமும் நிபுணருக்கு இன்று நினைவில்லை. மனதில் நிற்பது கூண்டுதான். கூண்டுக்குள் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. மீந்ததை ஆட்டுக்குப் போட்டேன், பேரன் பாதியை வாங்கித் தின்றான் என்று எந்த எலியும் சொல்லாது.

அந்தக் கணக்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2017இல் அதே நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களுக்கு அளவுகள் இருக்கின்றன. யாரோ ஒவ்வொன்றையும் வாங்கி, அரைத்து, சோதித்திருக்கிறார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் பழையதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேச முடியாது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அத்தனை பேர் வீட்டுக்கும் போய்க் கும்பா பார்க்க யாரால் ஆகும்?

கணக்குக்கு வெளியே அளந்த கை ஒன்றையும் நிபுணர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வயல்கள், மதியம் சத்துணவு. 1956இல் இந்த மாவட்டத்துக்காரரான காமராஜர் தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் சமைத்துப் போட்ட ஆயாவின் கரண்டி. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது பதிவேட்டில் இருக்கும். கரண்டியோ ஆளுக்கு ஆள் சரியும். முந்தின இரவு அடுப்பு எரியாத வீடு எது என்று ஆயாவுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளையின் தட்டில் அரைக்கரண்டி கூடுதலாக விழும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆயா அதை எந்த வகுப்பிலும் படித்ததில்லை. அவர் அதே தெருக்காரர், அவ்வளவுதான்.

நல்ல உணவியல் நிபுணருக்கு ஆயாவின் கண்ணும் வேண்டும், அட்டவணையின் எண்ணும் வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், நோயாளியையே பார்த்திராத இருபத்தொரு வயது மாணவிக்கும், தினமும் நோயாளிகளின் நடுவில் நிற்கும் இவருக்கும் தடை ஒன்றாகவே இருப்பதில். அந்த மாணவிக்கு நேர்ப்பயிற்சி கட்டாயம் வேண்டும், அதில் மானியக் குழு சொல்வது சரி. இவருக்குக் குறையாக இருப்பது நேர்ப்பயிற்சி அல்ல, படிப்பு. குடும்பத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு அந்தப் படிப்பு கணினி வழியாக மட்டும்தான் வர முடியும். அப்படி நகர முடியாதவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதிவு பெற்று வேலையில் இருப்பவர்களுக்காவது தனிவழி ஒன்று விட்டிருக்கலாம்.

இப்படிச் சொல்லும்போதே ஒரு தடுமாற்றம் வருகிறது. தினமும் நோயாளிகளின் நடுவில் நின்றும் அவர் இதுவரை ஒரு கும்பாவைக்கூடப் பார்த்ததில்லையே. முதுகலைப் பாடத்தில் யாராவது ‘முதலில் பாத்திரத்தைக் கேள்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்களா? வீட்டு அளவுகளைக் கேட்டறிந்து உணவைக் கணிப்பது இத்துறையின் பழைய முறைதான், அவரே டிப்ளமோவில் படித்ததுதான். படித்திருந்தும் கைக்கு வராததற்குப் பத்து நிமிட ஆலோசனை நேரம் காரணமா, அறைக்கு வெளியே நிற்கும் வரிசை காரணமா, படிப்பு போதாததா?

ஒரு நாள் கேட்டால், படிப்பு கிடைத்திருந்தால் அந்தப் பாட்டிக்குச் சரியான பதில் சொல்லியிருப்பேன் என்கிறார். இன்னொரு நாள், படிப்பை விட்டுவிட்டு நாலு வீட்டுக்குப் போய் அடுக்களையைப் பார்த்திருந்தால் போதும் என்கிறார். இரண்டையும் நம்பித்தான் சொல்கிறார். எது சரி என்று அவரால் சொல்ல முடியவில்லை. இதை எழுதுபவருக்கும் தெரியவில்லை.